முழத்துக்கு எத்தனை சென்டிமீட்டர், குமரேசா?

என் அன்பு குமரேசா,

உன் அக்கா நலம். பூக்கடை நன்றாக ஓடுகிறது. எனக்குத்தான் ஒரு பொறாமை, நீ போன நாளிலிருந்து. மற்றவர்களிடம் மறைக்கலாம், உன்னிடம் எதற்கு?

ஈசூனில் உன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தோம். பூன் லே தொழிற்சாலையில் உன்னோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். பிறகு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ் ஏறி ஒருவர் வந்தார், பெயர் சேவியர். உன்னை நேரில் பார்ப்பதே அன்றுதான் முதல்முறையாம். ஆனால் என்னைவிட அதிகமாக அழுதார்.

சின்னக் கடைகளுக்குப் பில் போடும் இலவச மென்பொருள் ஒன்றை, உலகம் முழுக்கச் சம்பளம் வாங்காத ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், நீயும் அதில் ஒருவன் என்று அவர் சொல்லித்தான் தெரியும். இல்லை, நீயும் ஒருமுறை பேச்செடுத்தாய். "சும்மா குடுக்கிற சரக்கு நிக்காது லா" என்று உன் வாயை அடைத்தவன் நான். அதற்குப் பிறகு நீ என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரிடம் நாலு வருஷம் பேசியிருக்கிறாய்.

"பூவை முழக்கணக்குல விக்க ஒரு வசதி சேர்த்துக்கிட்டிருந்தாரு. பாதியில நிக்குது. நான் முடிச்சிடுறேன்ணே" என்றார் சேவியர்.

"வேணாம். அது எங்க வீட்டு வேலை. நான் முடிப்பேன்."

உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "போன்ல எழுத்தைப் பெருசாக்கவே என்னைத்தான் கூப்பிடுறீங்க."

வாய் விட்டாயிற்று, பின்வாங்க முடியுமா? நீங்களெல்லாம் கூடி எழுதும் அந்த இணையதளத்தில் ஒரு கணக்குத் திறந்தேன். முதல் வேலையாக, "இங்கே முதலாளி யார்? அவரிடம் பேச வேண்டும்" என்று எழுதினேன். அப்படி ஒருவரும் இல்லை, சின்னதாக ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. சரி என்று அந்த மென்பொருளை என் கடையில் ஓட்டிப் பார்த்து, இருபத்திரண்டு குறைகளை ஒரே கடிதத்தில் அடுக்கி அனுப்பினேன்.

சேவியர் போன் செய்தார். "அண்ணே, இங்க ஹோல்சேல் இல்ல. ஒரு குறைக்கு ஒரு பதிவு. குமரேசன் போட்ட பழைய பதிவுகளைப் பாருங்க, புரியும்."

பார்த்தேன். 'தேங்காயை எண்ணியும் விற்கிறார்கள், மூட்டையாகவும் விற்கிறார்கள் என்கிறார் எங்க அத்தான்.' 'காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்கிறார் எங்க அத்தான்.' பக்கத்துக்குப் பக்கம் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேரர் பார்க் காப்பிக் கடையில் நான் கடைக் கவலையைப் புலம்பும்போதெல்லாம் நீ போனைத் தட்டிக்கொண்டிருப்பாய். எத்தனை தடவை கோபித்திருக்கிறேன், "பேசுறது மனுசன்டா, மேசை இல்ல" என்று. நான் சொன்னதைத்தான் தட்டிக்கொண்டிருந்தாயா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

உன் கடைசிப் பதிவில் ஒரே ஒரு வரி இருந்தது. 'முழத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்? ஞாயிற்றுக்கிழமை எங்க அத்தானிடம் கேட்டுச் சொல்கிறேன்.'

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நீ இல்லை.

அதைப் படித்துவிட்டு அன்று நான் கடை திறக்கவில்லை. சேவியர் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று போட்டு முடிக்க இருந்தார். தடுத்தேன். "முழத்துக்கு அளவு ஏதுங்க? என் கடையில பூக்கட்டுற ராணியம்மா கைதான் முழம். அடுத்த கடையில வேற கை. கடைக்காரரே தன் அளவைப் போட்டுக்க ஒரு கட்டம் வைங்க."

"நாலு வாரமா தேடிக்கிட்டிருந்தேன். ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்களேண்ணே."

"முப்பது வருஷம் உங்களுக்கு ஒரு நிமிஷமா?"

நீ எழுதியதோடு அந்தக் கட்டத்தைச் சேர்த்தவர் சேவியர். கட்டத்துக்குக் கீழே வரும் குறிப்பு மட்டும் என்னுடையது: 'உங்கள் கடையில் ஒரு முழம் எவ்வளவு நீளமோ அதை இங்கே எழுதுங்கள்.' இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாம் முறை ஏற்றார்கள். அந்த வசதியை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலை உன் அக்காவிடம் காட்டினேன். உன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் உன் பெயர். அதன் கீழே சேவியர், அதற்கும் கீழே நான். நியாயமான வரிசைதான், உழைத்தவர் அவர். ஆனாலும் உன் பெயரை ஒட்டி இன்னொருவர் பெயர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே மேசைக்குப் போவேன், குமரேசா. வாரத்துக்கு ஒரு குறை, ஒன்றே ஒன்று, இனி நானே தட்டுவேன். அடுத்தது வெற்றிலை. அதைக் கட்டுக் கட்டாக, கவுளிக் கணக்கில் விற்க அதில் இன்னும் வழியில்லை. சேவியரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொன்ன
உன் அத்தான்