பேசாதீர்கள், கதைப்போம்

மூன்று கடல் தாண்டிக் குளிரில் உட்கார்ந்து படம் வரையும் என் சித்திர மகாராணிக்கு, ஒன்றரை அறைச் சாம்ராஜ்யத்தின் அதிபதியும் பதிப்புலகச் சக்கரவர்த்தியுமான உன் பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று நாங்களாகவே தீர்மானம் போட்டுவிட்டோம், ஆட்சேபம் இருந்தால் உடனே எழுது. நியாயப்படி இதை உன் அப்பன் எழுதியிருக்க வேண்டும். அவன் எழுதினால் "நலம். நீயும்." என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவான், ஒட்டின தபால் தலைக்கே அவமானம். அதனால் அண்ணன் என்ற அதிகாரத்தில் பேனாவை நான் பிடுங்கிக்கொண்டேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். புத்தகம் வருகிறது. நீ வரைந்த எருமைக்கன்று வருகிறது. இதை எழுதும்போதே பின்னறையில் இயந்திரம் ஓடி என் மேசை நடுங்குகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், வயசு இல்லை. ஏன் பெரியப்பா யாரும் வாயே திறக்க மாட்டேன் என்கிறீர்கள், என் படங்களை மூட்டை கட்டிவிட்டீர்களா என்று எழுதியிருந்தாயே, கட்டத்தான் இருந்தோம் மகளே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அதனால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

முழுக்க வண்ணத்தில் ஒரு குழந்தைப் புத்தகத்தைத் தனியாகப் போடும் தெம்பு நமக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். கடைகளில் பார்த்தால் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனி மலை மலையாக அடித்துத் தள்ளிய புத்தகங்கள், நம் பிள்ளைகள் கண்டே இராத மரம், கண்டே இராத முகம், அதற்கடியில் யாரோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மொழிபெயர்த்த நம் எழுத்து. அதோடு மல்லுக்கு நிற்க நாம் தனியாகக் கொஞ்சம் பிரதி அடித்தால் ஒரு புத்தகத்தின் விலைக்கு நிஜ எருமையே வாங்கிக் கொல்லையில் கட்டலாம். அதனால்தான் இந்தக் கூட்டு. நாம், கடலுக்கு அந்தப் பக்கம் நம் மொழியிலேயே பதிப்பிக்கிற அக்கரை அம்மா, மலைக்கு அந்தப் பக்கம் வேற்று மொழியில் பதிப்பிக்கிற ஒரு பெரியவர். வண்ணங்களை மூவருக்கும் சேர்த்து நம் அச்சகத்திலேயே ஒரே மூச்சில் அடித்துவிட்டு, கறுப்பு எழுத்தை மட்டும் அவரவருக்கு மாற்றிப் போடுவதாக ஏற்பாடு. மூவரில் ஒருவர் கழன்றாலும் புத்தகம் இல்லை.

கழன்றே போகப் பார்த்தது. அக்கரை அம்மா அச்சுக்கு முந்திய எழுத்துப் படியைப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும், நாள் போகிறது, வரவில்லை. கதையை எழுதினவளும் நம் பதிப்பாசிரியையுமான உன் பெரியம்மா சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு போருக்குப் புறப்பட்டவள் மாதிரி அலைந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம், சக்கரவர்த்திகளுக்கு அது வராதே. எங்கள் ஆசிரியை நாளைக் காலை உங்களைக் கூப்பிட்டு நன்றாகப் பேசுவார் என்று அரசாணை மாதிரி ஒரு செய்தி தட்டிவிட்டேன். மறுநாள் இவள் கூப்பிட்டால் அந்த அம்மா எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு பதில் வந்தது: "தயவுசெய்து பேசாதீர்கள். ஆறுதலாகக் கதைப்போம்."

உன் பெரியம்மா விட்ட மூச்சில் மூன்று கட்டுத் தாள் பறந்து பக்கத்துத் தையல்கடையில் விழுந்தது. என்னைப் பேசாதே என்கிறாளா, கட்டின புருஷனே இத்தனை வருஷமாகச் சொல்லாததை இவள் சொல்கிறாளா என்றாள் (சொல்ல ஆசைதான், தைரியம்தான் வரவில்லை, இதை நீ படித்ததும் மறந்துவிடு). ஆறுதல் சொல்ல இங்கே யார் செத்தார்கள், வேலையைக் கேட்டால் கதை விடுகிறாளாம் கதை, கூட்டும் வேண்டாம் கும்மாளமும் வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். கழுகுக்கு மூக்கில் வியர்த்தது போல அந்தப் பெரிய கம்பெனியின் ஏஜெண்டும் சரியாக வந்து சேர்ந்தார். உங்களுக்கு எதற்கு இந்த வயசில் அச்சு வேலை, முன்னறையைக் கொடுங்கள், எங்கள் புத்தகத்தை அடுக்கி விற்றுக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்றார். உன் பெரியம்மா அவரை உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தாள் மகளே!

அந்த நேரம் பார்த்து, அச்சு ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பன் பின்னறையிலிருந்து வந்தான். எருமைத் தகட்டை ஏற்றவா, இல்லை சோப்பு உறை அடிக்க இயந்திரத்தை விடவா என்று கேட்டான். உன் பெரியம்மா தன் தீர்ப்பையே திரும்பப் படித்தாள். மைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வருஷத்துக்கு நாலு வார்த்தை செலவு செய்கிற அந்த மகான், தன் போனில் அக்கரைக்குக் கூப்பிட்டான். தெரியாத எண் என்பதால் அந்த அம்மா எடுத்துவிட்டார். யாரென்று தெரிந்ததும், நீங்களும் என்னைப் பேசத்தான் அழைப்பு எடுத்தீர்களா என்று கேட்டாராம். இவன் உள்ளதைச் சொன்னான்: எனக்குப் பேசவே வராதுங்க. அந்தப் பக்கம் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு, எனக்கே கேட்டது. அப்படியென்றால் கதைப்போம் என்றாராம்.

பிறகுதான் விடிந்தது. அங்கே பேசுவது என்றால் திட்டுவது, கதைப்பது என்றால் நாம் பேசுவது, ஆறுதலாக என்றால் நிதானமாக. நாளைக் காலை கூப்பிட்டு நன்றாகத் திட்டுவார் என்று நான் முன்னறிவிப்பு கொடுத்திருக்கிறேன், யார்தான் எடுப்பார்கள்! படி தாமதமானதும் அதே சொல்லால்தான். சேற்றில் புரண்டு வந்த கன்றை அம்மா நக்குகிற உன் படத்துக்கடியில் உன் பெரியம்மா "அம்மா பேசினாள், கன்று சிரித்தது" என்று எழுதியிருந்தாள். திட்டு வாங்கிச் சிரிக்கிற கன்று எந்த ஊரில் என்று அங்கே படித்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், அதை எழுதினவளிடமே எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா தயங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அப்புறம் இரண்டு பேரும் போன் கொதிக்கிற வரை கதைத்து "கொஞ்சினாள்" என்று மாற்றினார்கள். உன் படத்தில் அவள் கொஞ்சத்தானே செய்கிறாள், நான் படத்தைச் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்றாள் உன் பெரியம்மா. அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கல்வெட்டில் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். இனி எந்தக் கரையில் எழுதினாலும் மறு கரை படித்த பிறகே அச்சு என்று முடிவாகியிருக்கிறது, மலைக்காரரும் தன் பங்குக்கு ஒரு கதை அனுப்பப் போகிறார், படம் நீதான். ஏஜெண்ட் மறுபடி வந்தார். உன் பெரியம்மா அவரைப் பேசினாள். எந்தக் கரைப் பேச்சு என்று நீயே ஊகித்துக்கொள்.

நீ கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, காலுறை போடாமல் தரையில் நடக்காதே, வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறக்காதே. முக்கியமாக, அடுத்த முறை படத்துக்குள் கடைப்பலகை வரைந்தால் வெறுமையாக விடு. வண்ணத்தில் எழுத்து எழுதிவிட்டால் மூன்று தேசத்துக்கும் அது அப்படியே போகும், மலைக்காரர் அழுவார். பெரியம்மா உன் உச்சியை முகர்ந்ததாக எழுதச் சொன்னாள். உன் கைக்கு ஒரு குறையும் வராமல், எத்தனை எல்லைக்கோடு உண்டோ அத்தனைக்கும் அப்பால் உன் படம் போய் இறங்கட்டும், எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதம்.

இந்தக் கடிதத்தைச் சுற்றியிருக்கும் பெரிய தாளைக் கசக்கி எறிந்துவிடாதே. இயந்திரத்திலிருந்து இறங்கிய முதல் தாள் அது. பாதி எருமைகள் தலைகீழாக நிற்கும், பதறாதே, மடித்தால் நிமிர்ந்துவிடும். முதல் பக்கத்தின் அடியில் மூன்று பதிப்பகங்கள், மேலே நீ. ஆசை பொறுக்காமல் மை காயும் முன்பே சுற்றிவிட்டேன், இந்தக் கடிதத்தின் பின்பக்கம் திருப்பிப் பார், உன் பேர் இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மை அப்பிய விரல்களோடு
உன் பெரியப்பா