சேறு படாத சட்டை

ஹார்டன்கில்,
ஜூன் 14

அன்புள்ள நெவில்,

டென்மார்க்கில் புது அணியில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் மாவிஸ் சித்தியும் நலம். நீ அனுப்பிய காசோலை வந்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நம் ஊர் கால்பந்து கிளப் திவாலாகிவிட்டது. தலைவர் பிரௌலி, அந்த ஜன்னல் கண்ணாடி வியாபாரி, இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். எப்படி வருவான்? கடைசி ஆட்டம் முடியும் முன்பே, அடுத்த வருட டிக்கெட்டில் மேல் டிவிஷன் பெயரை அச்சடித்த மகராசன். நாற்பது மைல் தூரத்தில் நடந்த ஆட்டத்துக்கு விமானம் வைத்தவன். "ஒரு தடவ மேல ஏறிட்டாப் போதும் டோரீன், டிவிக்காரன் குடுக்கிற பணத்துல எல்லாக் கடனும் காணாமப் போயிடும்" என்று என் சலவைக்கடை வாசலில் நின்று சொன்னான். அதை நம்பி ஏழு மாதம் கூலி வாங்காமல் அணியின் சட்டைகளைத் துவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திவால் கணக்கைப் பார்க்க வந்த அதிகாரி, "ஆட்டக்காரங்களுக்கு முழுசாக் குடுத்தாத்தாம்மா கிளப்ப லீக்ல விடுவாங்க. மிச்சம் மீதிதான் உங்களுக்கு" என்றார். என் பதினோராயிரம் பவுண்டுக்கு இருநூற்றிருபது வந்தது. மைதானத்தில் காயத்துக்குக் கட்டுப்போடும் முதலுதவித் தொண்டர்களுக்கும் இதே கதி. உனக்கு ஒரு பென்னி குறையாமல் வந்ததைப் பேப்பரில்தான் படித்தேன்.

ஊர்ப் பிள்ளை என்று பிரௌலி உன்னைக் கூட்டிவந்து வாரம் ஒன்பதாயிரம் பவுண்டு கொடுத்தான். எல்லாருடைய சட்டையும் என் கைக்குத்தான் வந்தது, நெவில். எட்டாம் நம்பர்க்காரன் சட்டையை, கடையில் என்னோடு துவைக்கும் ஹில்டா இரண்டு முறை ஊறப்போடுவாள். உன்னுடையது போட்ட மடிப்பு கலையாமல் வரும். மூட்டுவலி என்றாய். ஆட வளையாத மூட்டு, ஸ்பெயினில் கோல்ஃப் ஆட வளைந்தது. ஒருநாள் ஹில்டா, "இத எதுக்குத் துவைக்கணும்? அப்படியே திருப்பி அனுப்பிடலாமே" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பின்கட்டில் போய் அழுதேன். வாராவாரம் அந்தச் சுத்தமான சட்டையையும் தண்ணீரில் முக்கித்தான் அனுப்பினேன். வெளியே யாரும் பேசிவிடக் கூடாதே.

வெள்ளிக்கிழமை கடையை மூடுகிறேன். உன் பணத்தில் கடையில் வேலை பார்த்த ஹில்டாவுக்கும் மாவிஸ் சித்திக்கும் நின்றுபோன சம்பளத்தைக் கொடுத்தேன். மீதியை முதலுதவித் தொண்டர்களிடம் சேர்த்துவிட்டேன். நான் ஒரு பென்னிகூட எடுக்கவில்லை. அந்தப் பணம் என் கையில் ஒட்டாது. இதற்காக என்மேல் கோபப்படாதே.

அங்கே நன்றாக மழை பெய்கிறது என்று கேள்விப்பட்டேன். உன் சட்டையைத் துவைக்கும் பெண் யாரோ, எனக்குத் தெரியாது. எத்தனை தேய்த்தாலும் சேறு போகவில்லையே என்று அவள் உன்னைத் திட்டும்படி ஒரு நாளாவது ஆடு, மகனே.

உன் அம்மா,
டோரீன்