காலி அறையில் ஒரு சில்வண்டு

அன்புள்ள முன்பாதிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இதைப் பிரிக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். போன் அடித்தால் எடுக்கமாட்டாள், இப்போது என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று உன் மருமகளிடம் புலம்பியிருப்பாய். திட்டி முடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படி. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

இந்த வாரம் எங்கள் ஒலிக் காப்பகத்துக்குப் பயிற்சி மாணவர் தேர்வு நடந்தது. அதே வானொலி நிலையம், அதே கீழ்த்தளத்து அறை. நூலக, தகவல் அறிவியலில் முதுநிலை படிக்கிற பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்தோடு வேலை பார்க்க வருகிறார்கள், நாம் வந்த மாதிரியே. ஒரே வித்தியாசம், நாம் பயந்துகொண்டு வந்தோம். இவர்கள் உள்ளே வந்ததும் சார்ஜர் எங்கே குத்துவது என்று கேட்கிறார்கள்.

நம்முடைய தேர்வு ஞாபகம் இருக்கிறதா? மறந்தேன் என்று சொன்னால் உதை வாங்குவாய். தலைமை அலுவலர் ஒன்றும் கேட்காமல் ஒரு டேப்பை ஓடவிட்டு, கேட்டதை எழுதச் சொன்னார். காலி ஸ்டூடியோவில் பதிவான டேப். நான் நாலே வரி எழுதினேன்: மின்விசிறி, நாற்காலி இழுபடும் ஓசை, ஒருவர் செருமுவது, சில்வண்டு. நீயோ ஒன்றரைப் பக்கம் எழுதினாய். செருமுகிறவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றாய். சில்வண்டு குரல் தேர்வுக்கு வந்த இடத்தில் யாரும் கூப்பிடாமல் தவிக்கிறது என்றாய். அந்தச் செருமல் தலைமை அலுவலருடையதுதான் என்பது நமக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து அவர் நமக்குச் செருமல் சார் ஆனார்.

இருந்ததோ ஒரே ஓர் இடம். நம் தாள்களை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அவர் செருமிவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “இந்தப் பொண்ணுக்குக் காது இருக்கு, அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்தா எனக்கு ஒரு ஆள் கிடைக்கும்.” உனக்குக் காலை, எனக்கு மதியம், ஆளுக்கு அரைச் சம்பளம். ஒரு பதவிக்கு இரண்டு கையெழுத்து வாங்கவேண்டிய கடுப்பில் சம்பளப் பிரிவுக்காரர்தான் நமக்கு முன்பாதி, பின்பாதி என்று பெயர் வைத்தார்.

எவ்வளவு சிரித்தோம்! காலையில் நீ நாற்காலியை உன் குட்டை உயரத்துக்கு இறக்குவாய், மதியம் நான் ஏற்றுவேன். ஏற்றி இறக்கி அதன் திருகே தேய்ந்துபோய், ஒருநாள் நான் உட்கார்ந்ததும் தடாலென்று கீழே போனேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமும் டேப்பில் ஏறிவிட்டது. விவரச் சீட்டில் ‘பொருள் விழும் ஓசை’ என்று கௌரவமாக எழுதிவைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை வந்த நீ அதை அடித்து, ‘பொருள் அல்ல, பின்பாதி’ என்று திருத்தினாய். அந்தச் சீட்டு இன்னும் அந்தப் பெட்டியில் இருக்கிறது. பயிற்சி முடிந்து நீ கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டாய். நான் இங்கேயே முழு ஆள் ஆனேன், ஓய்வு வயது தாண்டியும் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த அறையில் முழுசாக உட்கார்ந்த மாதிரி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறோம். தேர்வு டேப்பும் மாறி வந்தது. போட்டுக் கேட்டால் மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, செருமல் இருக்கிறது, சில்வண்டைக் காணோம். எனக்கு வந்ததே கோபம். மாற்றிக் கொடுத்த தொழில்நுட்பக்காரரைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை இப்படிப் பாழாக்கிவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமைசாலி, இருக்கிறதே அம்மா என்றார். உங்கள் காதை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். பாவம் மனுஷன், மறுபடியும் மாற்றித் தந்தார். அதிலும் இல்லை. மேலே புகார் எழுதிப் போட்டேன்.

தேர்வுக்கு வேண்டுமென்றே அந்தப் பிரதியைத்தான் போட்டேன். ஒருவருக்கும் சில்வண்டு கேட்காது, அந்தத் தாள்களைக் கொண்டுபோய்த் தொழில்நுட்பக்காரர் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று நினைப்பு. முதல் பையன் தாளில் சில்வண்டு இருந்தது. இவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று ஓரமாக வைத்தேன். அடுத்த தாளிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். கடைசியாக ஒரு பெண், ஒல்லியாக, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அந்தப் பூச்சி கதவு ஓரத்தில் இருக்கிறதாம். உள்ளே இருக்கிறவர் செருமும்போதெல்லாம் பயந்து நிறுத்திக்கொள்கிறதாம். வெளியே போக வழி தெரியாமல்தான் இப்படிக் கத்துகிறதாம். படித்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது. அப்புறம் ஹெட்போனை மாட்டி மறுபடியும் போட்டுக் கேட்டேன். மின்விசிறி, நாற்காலி, செருமல். அவ்வளவுதான் எனக்கு.

அன்றைக்கே டாக்டரிடம் போனேன். இரண்டு காதிலும் மேல் ஸ்தாயி போய்விட்டதாம். சில்வண்டு, குருவி, தேநீர்க் கெண்டி விசில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன, போனது தெரியாமலே. காதுக்கு மிஷின் கொடுத்தார். அதன்மேல் ஹெட்போன் வைத்தால் கீச்சென்று அலறுகிறது. எனக்குக் கேட்கிற ஒரே கீச்சு அதுதான். நேரில் பேசுவதற்குச் சமாளிக்கலாம், டேப் கேட்டுச் சரிபார்க்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்றார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தொழில்நுட்பக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் புகாரைத் திரும்ப வாங்கினேன்.

நேற்று மேலாளரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். சின்ன வயசு, நல்ல தம்பி. மாணவர் எழுதும் ஒவ்வொரு விவரத்தையும் ஒருவர் கேட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கேட்க ஆளில்லாவிட்டால் மாணவர் கிடையாது, மாணவர் இல்லாவிட்டால் அறையைப் பூட்டி டேப்புகளைக் கிடங்குக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். இந்த மாத முடிவுக்குள் பதில் அனுப்பவேண்டும். நான் சட்டென்று ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். யார் என்று கேட்டார். காலை வேளைக்கு மட்டும் ஒருத்தி வருவாள் என்றேன். அரை ஆளா என்றார். மிச்ச அரை நான்தான் என்றேன்.

உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஓய்வு பெற்றதிலிருந்து பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டும் ராத்திரியெல்லாம் சில்வண்டைக் கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீதானே போன கடிதத்தில் எழுதினாய்? ஒரு பருவம் வந்து இரு. என் வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. மகனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பு. அந்த நகம் கடிக்கிற பெண்ணுக்கு உன் காது வேண்டும். அவள் எழுதுவதை நாலு வரியாகக் குறைக்க நான் இருக்கிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் எண்ணையும் தேதியையும் நாம்தானே வாயால் சொல்லிப் பதிவு செய்வோம். காலை டேப்புகளெல்லாம் உன் குரலில்தான் ஆரம்பிக்கின்றன. மனசு சரியில்லாதபோதெல்லாம் ஏதாவது ஒன்றை எடுத்துப் போட்டுக் கேட்பேன். கொஞ்ச நாளாக அந்தக் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. டேப்புக்குத்தான் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் நீ பேசினபோதும் அப்படியே இருந்தது. மறுபடி மறுபடி என்ன, என்ன என்று உன்னிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லையடி.

அதனால் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, போனும் பண்ணாதே. நேரில் வந்து என் எதிரில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசு. உன் வாய் அசைவது தெரிந்தால் போதும், விட்டுப்போன சத்தத்தையெல்லாம் நான் ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்வேன். நாற்காலியை உன் உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் பின்பாதி