எழுமலையிலிருந்து வந்த மெயில்கள்

செவ்வாய்

காலையிலேயே அனல். மெயில் சர்வர் மறுபடி படுத்துவிட்டது. மதுரை கே.கே. நகரில் இரண்டு மாடி சிறுநீரக ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. சர்வருக்கு ஒரே ஒரு ஜி.பி. மெமரி. புதுசு கேட்டால் டாக்டர், "இருக்கறத வச்சு ஓட்டும்மா."

சரி, ஓட்டுகிறேன். ஒவ்வொரு மெயிலையும் படித்துப் பார்த்துக் குப்பையைப் பிரிக்கும் ஸ்பாம் ஃபில்டர்தான் மெமரியைத் தின்கிறது. நிறுத்தினேன். பதிலுக்குச் சின்ன விதி: தலைப்பு இல்லை, ஒரு வரி எழுத்து இல்லை, வெறும் படம் என்றால் குப்பை. அனுப்பியவருக்குத் திருப்புவதும் சர்வருக்குச் சுமை. சத்தமில்லாமல் அழிக்கச் சொல்லிவிட்டேன்.

தயிர், சோப்பு வாங்கணும்.

வெள்ளி

சர்வர் ஜம்மென்று ஓடுகிறது. டாக்டரே பாராட்டினார். தலைவலி.

அடுத்த செவ்வாய்

மேகம் மட்டும், மழை இல்லை. எழுமலையிலிருந்து ஒருவர் போன். அவர் அம்மா எங்கள் நோயாளி.

"அம்மாவுக்குக் கால் வீங்கிருக்கு மேடம். ரத்த ரிப்போர்ட்ட போன வாரமே அனுப்புனோம். நீங்க கூப்பிடல. நல்லாருக்குன்னு மாத்திரைய நிறுத்திட்டோம்."

இங்கே வழக்கமே அதுதான். வெளியூர் நோயாளிகள் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புவார்கள், மோசமென்றால் டாக்டர் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் கவலையில்லை.

சர்வர் எதை அழித்தது என்று குறித்துவைக்கும் லாகைப் பார்த்தேன். ஒரே முகவரியிலிருந்து வந்த மெயில்கள் வரிசையாக அழிந்திருக்கின்றன. அந்த ஊர் ஜெராக்ஸ் கடை. கூப்பிட்டேன்.

"ஊருக்கே என் மெயில்தான்க்கா. போட்டோ எடுத்துத் தட்டி விட்ருவேன். அடுத்தவங்க ரிப்போர்ட்டு, அனுப்புனதும் எல்லாத்தையும் அழிச்சிருவேன். யார் யாருன்னு எப்டிச் சொல்ல?"

அந்த விதியை எடுத்துவிட்டேன். டாக்டரிடம் சொன்னேன். திட்டவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. அந்த அம்மாவை உடனே வரச் சொன்னார். எழுமலைப் பக்கத்து நோயாளிகளையெல்லாம் நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பாதிப் பேர் எடுக்கவில்லை.

சாப்பிடவில்லை. யாராவது செத்துப்போனால்? எழுதவே கூசுகிறது, ஆனால் வேறு நினைப்பே இல்லை.

புதன்

அந்த அம்மா ஐ.சி.யூ.வில். நானும் நர்ஸும் ஆரப்பாளையத்தில் எழுமலை பஸ் ஏறினோம். போன் எடுக்காதவர்களை வீடு வீடாகத் தேட.

ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெண், முகம் உப்பியிருந்தது. என் அடையாள அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்.

"நம்ம ஆஸ்பத்திரியா? போன வாரம் ரிப்போர்ட் அனுப்புனேன் தாயி. டாக்டர் கூப்பிடவே இல்ல. வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் சந்தோசம்."