அவர் வீட்டில்தான் இருந்தார்

காவாந்தண்டலம்,
12.3.79

சிறையில் இருக்கும் என் புருஷனுக்கு, கர்த்தர் உங்கள் பக்கத்தில் இருப்பாராக.

பண்ணையாரின் வைக்கோல்போர் எரிந்தபோது நீங்கள் காய்ச்சலில் கிடந்த நம் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். "உன் புருஷன் வூட்ல இருந்தானா?" என்று போலீஸ் கேட்டபோது, பின்னால் பண்ணை ஆட்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இல்லை" என்றேன்.

அன்று முதல் எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், பேதுரு பயந்துபோய் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு அழுததைப் போதகர் வாசித்தார். நானும் அழுதேன். பயம் போகவில்லை, ஆனால் ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"அன்னிக்குப் பொய் சொல்ட்டேன் சார். அவரு வூட்லதான் இருந்தாரு."

"இன்னா, உன்னையும் உள்ள தள்ளட்டுமா?"

"தள்ளுங்க சார்."

வரும் வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு கோர்ட்டில் இதையே சொல்லப்போகிறேன். பண்ணை ஆட்களும் வருவார்கள். கூண்டில் நான் நடுங்கினால், மறுபடியும் உங்களைக் கைவிடுவேனோ என்று நினைக்காதீர்கள்.

உங்கள் மனைவி