ரெண்டு விசில்

என் செல்லக் கழுதைக்கு,

உடைஞ்ச கணுக்கால்ல பிளேட் வெச்ச ஆபரேஷன் போன மாசமே நல்லபடியா முடிஞ்சுச்சு. தையல் ஓரத்துல கொஞ்சம் நீர் கசியுது, அவ்வளவுதான். நீ பரீட்சையைப் பாரு.

உங்கப்பா சங்கதியைக் கேளு. விரல்ல ஊசி குத்தினாலே மயங்கி விழற மனுஷன். மொத்த வார்டுக்கும் ஒரே ஒரு நர்ஸம்மா, கட்டு மாத்த வீட்டு ஆள் வேணும்னாங்க. கையைக் கழுவிட்டு வந்து நின்னாரு! முதல் நாள் கண்ணை மூடிக்கிட்டுதான் பஞ்சை எடுத்தாரு. இப்போ, "நேத்தைக்கு இன்னிக்கு சீழ் கம்மி"ன்னு அந்தம்மாகிட்டயே சொல்றாரு.

கண்டக்டர் புத்தி எங்க போகும்? கட்டு மாத்துற வரிசையில நின்னு, "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு ஒரே சத்தம். பக்கத்துக் கட்டில்காரி, "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கடன் குடுங்க"ன்னு கேக்கறா. எனக்குத் தலைகால் புரியல.

சீழ் முழுசா நிக்கலன்னு நேத்து பிளேட்டை எடுத்துட்டாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு, சொல்லிட்டேன். எலும்பு ஓரளவு கூடிடுச்சாம், இனி மாவுக்கட்டு போதுமாம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அவர் மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "என்னங்க, வண்டி கிளம்பலாமா?"ன்னேன். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, பஸ் கிளம்ப ஊதுற மாதிரி ரெண்டு தடவை ஊதினாரு. ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு. நர்ஸம்மா திட்டித் தீர்த்துட்டாங்க.

என்னை வெளிய தள்ளிட்டு வந்தப்பவும் விசில் அவர் வாயிலதான் இருந்துச்சு. அழுத அழுகையில ஊதத்தான் மூச்சு வரல.

இப்படிக்கு,
கண்டக்டர் பொண்டாட்டி