லேபுக்கு முந்தின சாயங்காலம்

கிட்வாய் நகர், தில்லி

அன்புள்ள சந்திராவுக்கு,

நாங்கள் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் மகளின் லேப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர், "வெல்டிங்கா, பாய்சாப்?" என்று கேட்டுவிட்டார்.

உதயா ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபில் இரண்டு முறை சொதப்பிவிட்டு, "படிப்பே வேணாம்ப்பா, ஊருக்கே, அம்மாகிட்டயே போறேன்" என்று பெட்டி கட்டினாள். பிறகு மனம் மாறி, லேபுக்கு முந்தின சாயங்காலமெல்லாம் செய்முறையை என்னிடம் சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கும்மா கரைசலை மெதுவா ஆறவைக்கணும்?"

"அவசரப்பட்டா அழுக்கும் சேர்ந்து உறைஞ்சிடும். உங்களுக்கே புரிஞ்சிட்டா நான் பாஸ்தான்ப்பா!"

நேற்று படிகம் வெள்ளைவெளேரென்று வந்ததாம். தேறிவிட்டாள்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அவள் பெட்டி கட்டிய அன்று, "உன் இஷ்டம்மா" என்றேன். "நீயும் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்?" என்று மட்டும் அவளிடம் கேட்கவில்லை.

கருப்பசாமி